அரசுத் தரப்பு வழக்கறிஞர்மீது புகார் என்றால் எந்தக் கதவைத் தட்டுவது?

மதிப்பிற்குரிய தலைமைச் சட்ட அதிகாரி அவர்களுக்கும், சட்டச் சேவை ஆணைய உறுப்பினர்களுக்கும், சட்ட அமைச்சுக்கும்,

வணக்கம்.

குற்ற வழக்கில் சிக்கிய தமிழ் பேசுவோருக்கு, குறிப்பாக வொர்க் பெர்மிட்டில் வந்த ஊழியர்களுக்கு, காகித வேலையிலும் மொழிபெயர்ப்பிலும் கைகொடுக்கும் தொண்டூழியர்கள் சிலர் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். நடந்துகொண்டிருக்கும் எந்த வழக்கையும் இதில் தொடவில்லை. நீதிபதிகளைப் பற்றியும் இது பேசவில்லை. அரசாங்கத்துக்காக வழக்கு நடத்துபவர் தொழில் நெறி தவறினார் என்று ஒருவர் கருதினால் அதை விசாரிக்கச் சட்டம் ஏற்கெனவே வழி வைத்திருக்கிறது. அந்த வழியில் சாமானியரால் நடக்க முடியவில்லை என்பதே எங்கள் முறையீடு.

தனியார் வழக்கறிஞர்மீது குறை இருந்தால் சிங்கப்பூர் வழக்கறிஞர் சங்கத்துக்கு எழுதலாம். புகார் எழுத்தில் இருக்க வேண்டும், அதில் உள்ளது உண்மை என்ற உறுதிமொழிப் பத்திரமும் வேண்டும். அதன்பிறகு வேலை சங்கத்தினுடையது. விசாரணைக் குழு, ஒழுங்கு நடுவர் மன்றம், கடைசியில் மூன்று நீதிபதிகள் அமரும் நீதிமன்றம் என்று அது படிப்படியாகப் போகும்.

அரசுத் தரப்பு வழக்கறிஞர் என்றால் கதையே வேறு. அவர் சட்டச் சேவை அதிகாரி, அதாவது அரசாங்கத்தின் சட்டப் பணியில் இருப்பவர். தொழில் சான்றிதழ் இல்லாமலே நீதிமன்றத்தில் வாதாடலாம். அவருக்குப் பொருந்துவது சட்டத் தொழில் சட்டத்தின் 82ஏ பிரிவு. தலைமை நீதிபதி அனுமதி கொடுத்தாலொழிய விசாரணையே கிடையாது. அந்த அனுமதியைப் பெற, புகார்தாரர் தம் பெயரில், பிரமாணப் பத்திரத்தோடு, நீதிமன்றத்தில் விண்ணப்பம் போட வேண்டும். விசாரிக்க வேண்டிய அளவுக்கு முகாந்திரம் இருக்கிறது என்று தலைமை நீதிபதி கண்டால் ஒழுங்கு நடுவர் மன்றத்தை அமைப்பார். புகார்க் கடிதம் எழுதினால் போதும் என்ற இடத்திலிருந்து வழக்கே போட வேண்டும் என்ற இடத்துக்கு வந்துவிட்டோம். தனியார் வழக்கறிஞர்மீது புகார் சொல்பவருக்கு இந்தச் சுமை இல்லை.

இந்த வழி வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்கு 2020 சாட்சி. அந்த ஆண்டு செப்டம்பரில் உயர் நீதிமன்றம் இந்தோனேசிய இல்லப் பணிப்பெண் ஒருவரைத் திருட்டுக் குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்தது. அக்டோபரில், அவருடைய விண்ணப்பத்தின்பேரில், வழக்கு நடத்திய துணை அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள் இருவரின் நடத்தையை விசாரிக்கத் தலைமை நீதிபதி அனுமதி அளித்தார். பிரச்சினையின் மையம் ஒரு பழைய டிவிடி பெட்டி. விசாரணை நீதிமன்றத்தில் அது வேலை செய்வதுபோல் காட்டப்பட்டது. ஓடியது பெட்டிக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்கில் பதிவான காட்சி. வட்டைப் போட்டால் ஓடாது. கெட்டுப்போன பொருள், தூக்கிப் போடுவதாக இருந்தது என்று சொன்ன பெண்ணிடம், நன்றாக வேலை செய்கிறதே என்ற அடிப்படையில் குறுக்கு விசாரணை நடந்தது. பின்னர் ஒழுங்கு நடுவர் மன்றம் இரு வழக்கறிஞர்களும் நெறி தவறவில்லை என்று முடிவு செய்தது. அந்த முடிவை நாங்கள் கிளறவில்லை. கேள்வி எழுந்தது, விசாரிக்கப்பட்டது, பதில் வந்தது. முறை அப்படித்தான் நடக்க வேண்டும். ஆனால், கட்டணம் வாங்காமல் ஆண்டுக்கணக்கில் உடன் நின்ற வழக்கறிஞர் ஒருவர் அவருக்குக் கிடைத்தார். அப்படி ஒருவர் கிடைக்காதவர்கள்தான் அதிகம்.

எங்களிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவை 82ஏ பிரிவுக்குத் தகுதியானவை அல்ல என்பதையும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறோம். ஏன் குற்றம் சாட்டினார்கள், ஏன் குறைத்துச் சாட்டவில்லை, ஏன் அடுத்தவரை விட்டார்கள் என்பதெல்லாம் அரசமைப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவு தலைமைச் சட்ட அதிகாரிக்குத் தரும் விருப்புரிமைக்குள் வருபவை. நெறி மீறல் ஆகாது. வாக்குமூலம் எடுத்தபோது அதட்டினார்கள் என்பது விசாரணை அதிகாரியைப் பற்றிய புகார், அது போகவேண்டிய இடம் காவல்துறை. வழக்கறிஞர் கடுமையாகக் கேள்வி கேட்டார் என்பது அவருடைய தொழில். வழக்கில் தோற்றதும் அவர் குற்றமல்ல. இவற்றையெல்லாம் ஒரே கடிதத்தில் கொட்டி, நபர் பெயரே இல்லாமல் 'உங்கள் அலுவலகம்' என்று எழுதி, சிலர் வழக்கறிஞர் சங்கத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். உண்மையான குறை ஒன்று இருந்தாலும் அந்தக் குவியலில் புதைந்துபோகிறது.

உண்மையான குறை எப்படி இருக்கும்? பெரும்பாலும் அது 'வெளிப்படுத்தல்' பற்றியதாக இருக்கும். 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் காதர் வழக்கில் சொன்னது: குற்றம்சாட்டப்பட்டவருக்கு உதவக்கூடிய, நம்பத்தகுந்த, வழக்குக்குத் தொடர்புள்ள தகவல் கையில் இருந்தால், அரசுத் தரப்பு அதைத் தான் பயன்படுத்தாவிட்டாலும் எதிர்த்தரப்புக்குக் கொடுத்தே ஆக வேண்டும். 2020இல் நபில் வழக்கு இன்னொரு படி போனது. தற்காப்பு வாதத்தை உறுதிப்படுத்தவோ மறுக்கவோ கூடிய முக்கியச் சாட்சி ஒருவரை அரசுத் தரப்பு அழைக்கவில்லை என்றால் அவருடைய வாக்குமூலத்தைக் கொடுக்க வேண்டும். அது யாருக்குச் சாதகம் என்று எடைபோட்டுப் பார்த்துக் கொடுக்கும் வேலை அங்கே இல்லை.

இந்தக் கடமை எங்கே சறுக்குகிறது என்றால், கோப்பு கைமாறும் இடத்தில். வாக்குமூலங்கள் விசாரணை அதிகாரியிடம் இருக்கும். வழக்கறிஞருக்கு வருவது அவர் தேர்ந்து அனுப்பியது. இடையில் வழக்கறிஞர் மாறினால், முன்னவர் எதைப் பார்த்தார், எதைக் கொடுக்க வேண்டாம் என்று முடிவெடுத்தார், ஏன் என்பதற்கு எதிர்த்தரப்பு பார்க்கக்கூடிய தடயம் இல்லை. வேண்டுமென்றே மறைத்ததா, கவனக்குறைவா, கைக்கே வரவில்லையா என்பதை வெளியில் இருப்பவர் பிரித்தறிய வழியில்லை. பிரமாணப் பத்திரத்திலோ, 'தெரிந்தே செய்தார்' என்பதற்கு ஏதாவது ஆதாரம் காட்ட வேண்டியிருக்கிறது. தெரிந்ததா இல்லையா என்று காட்டும் காகிதம் இருப்பது, யார்மீது புகாரோ அவருடைய அலுவலகத்தில்.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை தண்டனை பற்றியதல்ல, ஒரு தாளைப் பற்றியது. விசாரணை தொடங்குமுன் வழக்கு நடத்தும் வழக்கறிஞர் கையெழுத்திட்ட வெளிப்படுத்தல் பட்டியல் ஒன்று நீதிமன்றத்தில் தாக்கலாக வேண்டும். ஒவ்வொரு வாக்குமூலத்துக்கும் ஒரு வரி: எண், எடுத்த தேதி, யாரிடம், எந்த மொழியில், மொழிபெயர்ப்பாளர் இருந்தாரா, எதிர்த்தரப்புக்குக் கொடுத்தாயிற்றா, இல்லையென்றால் எந்தக் காரணத்தால். உள்ளடக்கத்தைச் சொல்ல வேண்டியதில்லை, இருக்கிறது என்று சொன்னால் போதும். மொழிக்கென்று ஒரு கட்டம் கேட்பதற்குக் காரணம் உண்டு. வாக்குமூலத்தைச் சொன்னவருக்குப் புரியும் மொழியில் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. தமிழில் சொன்னது ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, ஆங்கிலம் மட்டும் வழக்கறிஞர் மேசைக்கு வரும்போது, படித்துக்காட்டினார்களா என்று கேட்க அவருக்கே தோன்றாமல் போகலாம். கட்டம் காலியாக இருந்தால் தோன்றும்.

சான்றுப் பொருள்களுக்கும் இதுபோல் அரைப்பக்கக் குறிப்பு வேண்டும். கருவி ஏதேனும் நீதிமன்றத்தில் இயக்கிக் காட்டப்பட்டால், முன்கூட்டியே யார் சோதித்தார், எந்த நாள், எந்தெந்தச் செயல்பாடுகளைச் சோதித்தார், எது ஓடியது, எது ஓடவில்லை என்று எழுதி எதிர்த்தரப்புக்கு ஒரு பிரதி கொடுக்க வேண்டும். டிவிடி பெட்டிக்கு அப்படி ஒரு குறிப்பு இருந்திருந்தால், நேர்மையாக நடந்த வழக்கறிஞருக்கு அதுவே கேடயமாக இருந்திருக்கும்.

அடுத்து, புகாரை வாங்கும் இடம். 2022 ஜனவரியில் நீதித்துறைச் சேவையும் சட்டச் சேவையும் தனித்தனியாகப் பிரிந்தபின், சட்டச் சேவை ஆணையத்தின் தலைவர் தலைமைச் சட்ட அதிகாரி. அரசுத் தரப்பின் தலைமை வழக்கறிஞரும் அவரே. யாருடைய நேர்மையையும் நாங்கள் சந்தேகிக்கவில்லை. ஆனால் வழக்கை நடத்தச் சொன்னவரும் நடத்தியவரை ஒழுங்குபடுத்துபவரும் ஒருவரே என்றால், நல்ல முடிவைக்கூட மக்கள் நம்பத் தயங்குவார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைத் தலைவராக வைத்து, அலுவலகத்துக்கு வெளியே ஒரு சல்லடைக் குழுவை அமையுங்கள். யார், எந்த வழக்கு, எந்தக் கடமை, எந்தப் பக்கத்தில் அது தெரிகிறது என்ற நான்கு கேள்விகளோடு, நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் ஒரு படிவம் போதும். தகுதியற்றதை ஒரு வரிக் காரணத்தோடு திருப்பி அனுப்பலாம். காவல்துறைக்குப் போகவேண்டியதை அங்கே அனுப்பலாம். தகுதியானதைக் குழுவே 82ஏ விண்ணப்பமாகத் தலைமை நீதிபதிமுன் வைக்கட்டும். அவர் அனுமதி கொடுக்கும்வரை வழக்கறிஞரின் பெயர் வெளிவரக் கூடாது. வீண் புகாரால் ஒருவர் பெயர் கெடுவதையும் நாங்கள் விரும்பவில்லை.

ஊர் திரும்பிய ஊழியர்களின் நிலை தனி. வழக்கு நடக்கும்வரை ஸ்பெஷல் பாஸ் என்ற தற்காலிக அனுமதியில் இங்கே இருப்பார். முடிந்ததும் விமானம் ஏற்றிவிடுவார்கள். குறை இருந்தது என்று அவருக்குப் புரிவதே தீர்ப்பை யாராவது தமிழில் விளக்கிச் சொல்லும்போதுதான். அப்போது அவர் அறந்தாங்கியிலோ மன்னார்குடியிலோ இருப்பார். அங்கிருந்து பிரமாணப் பத்திரம் கொடுக்க, நோட்டரியைத் தேடி, ஆங்கிலத்தில் உள்ளதை அவருக்குத் தமிழில் படித்துக்காட்டியதாகச் சான்றும் பெற்று அனுப்ப வேண்டும். அந்தச் சான்று விடுபட்டால் பத்திரம் கேள்விக்குள்ளாகும். காணொளி வழியாக, இங்குள்ள சத்தியப் பிரமாண ஆணையர்முன், நீதிமன்றத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் உதவியோடு அதைச் செய்ய வழிவிடுங்கள். பெரிய செலவில்லை.

தண்டனை விஷயத்தில் ஒன்று மட்டும். நெறி தவறிய தனியார் வழக்கறிஞருக்கு 100,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். சட்டச் சேவை அதிகாரிக்கு உச்சவரம்பு 20,000 வெள்ளி. ஐந்து ஆண்டுவரை தொழில் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கத் தடை விதிக்கவும் இடமுண்டு. சேவையில் நீடிக்கும் அதிகாரிக்கு அந்தச் சான்றிதழே தேவையில்லை என்னும்போது அந்தத் தடை யாரைச் சுடும்? வழக்கறிஞர் பெயர்ப் பட்டியலிலிருந்து நீக்குவதற்கும் வெறும் கண்டனத்துக்கும் நடுவில் பலன் தரும் தண்டனை ஒன்று வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு நீதிமன்றத்தில் வழக்கு நடத்தத் தடை என்பது எங்கள் யோசனை.

தனிநபரைச் சுட்ட முடியாத பிழைகளும் உண்டு. 2024 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், மரண தண்டனைக் கைதிகள் 13 பேரின் கடிதங்கள் சிறைத்துறையிலிருந்து தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்துக்குப் போனது சட்டத்துக்குப் புறம்பானது என்று அறிவித்தது. அங்கே கேட்க வேண்டிய கேள்வி, யாரைத் தண்டிப்பது என்பதைவிட, அந்தக் கடிதம் மேசைக்கு வந்த முதல் நாளில் அதைப் பெற்றவர் என்ன செய்திருக்க வேண்டும் என்பதுதான். பிரிக்காமல் திருப்பி அனுப்பு, மேலதிகாரிக்குச் சொல், எதிர்த்தரப்புக்குத் தெரிவி என்று எழுதிவைத்த விதி எல்லாரும் படிக்கும்படி இருக்க வேண்டும். அரசுத் தரப்பு வழக்கறிஞர்களின் நடத்தை விதிகளை முழுமையாக வெளியிடுங்கள் என்று நாங்கள் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவு கண்காணித்தால் வழக்கறிஞர்கள் பயந்து வழக்குப் போடவே தயங்குவார்கள் என்று சொல்லப்படுவதுண்டு. இங்கிலாந்தில் அரசுக்காக வழக்கு நடத்தும் பாரிஸ்டர்கள் (நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர்கள்), தனியாரைக் கட்டுப்படுத்தும் அதே வாரியத்துக்குக் கீழ்தான் இருக்கிறார்கள். அமெரிக்காவில் மத்திய அரசு வழக்கறிஞர்கள் தாங்கள் பணிபுரியும் மாநிலத்தின் தொழில் நெறிகளுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று 1998இல் சட்டமே வந்தது. இரண்டு நாட்டிலும் குற்றவாளிகள் தப்பி ஓடிவிடவில்லை.

மேலே கேட்டவற்றில் வெளிப்படுத்தல் பட்டியலுக்கும் சான்றுப் பொருள் குறிப்புக்கும் சட்டத் திருத்தம் தேவையில்லை. தலைமைச் சட்ட அதிகாரியின் உள் உத்தரவே போதும். அவற்றை முதலில் தொடங்கலாம். இரண்டுக்கும் மாதிரித் தாள்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் தயாராக இருக்கின்றன, கேட்டால் அனுப்பிவைக்கிறோம்.

இப்படிக்கு,
வழக்கு உதவித் தொண்டூழியர்கள் சிலர்
சிங்கப்பூர்