அக்கா போட்ட பென்சில் திருத்தம்

ஆசிரியருக்கு,

வணக்கம். நடிகை எமிலியா கிளார்க் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் முதலில் படித்தவர் என் அக்கா. ஒன்றரைப் பக்கம் படிக்க அவருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. முடித்ததும் தலைப்பிலிருந்த 'மீண்டார்' என்ற சொல்லைப் பென்சிலால் அடித்து, ஓரத்தில் 'மீண்டு வருகிறார்' என்று எழுதி என்னிடம் நீட்டினார். ஐந்து வருடத்துக்கு முன் மூளையில் ரத்தக்கசிவு வந்து பேச்சை இழந்தவர் அவர். அந்தத் திருத்தத்துக்கு என்னாலான விளக்கவுரைதான் இக்கடிதம்.

கட்டுரையில் எமிலியா நடித்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' டிவி தொடரின் டிராகன்களுக்கு ஒரு பக்கம், அவருடைய நோய்க்கு அரைப் பக்கம். சரி, படம் போட்டால்தான் பத்திரிகை விற்கும். ஆனால் விட்டுப்போனதுதான் முக்கியமான பகுதி. 2011 பிப்ரவரியில், 24 வயதில், லண்டனில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தபோது அவருக்கு மூளை ரத்தக்குழாய் வெடித்தது. அந்தத் தொடரின் முதல் சீசன் அப்போது ஒளிபரப்பாகக்கூட ஆரம்பிக்கவில்லை. மண்டையைத் திறக்காமல், தொடை இடுக்கின் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பி விட்டு அடைத்தார்கள். பிழைத்துவிட்டார் என்று நீங்கள் அங்கே முற்றுப்புள்ளி வைத்துவிட்டீர்கள்.

இரண்டு வாரம் கழித்து நர்ஸ் ஒருவர் அவருடைய பெயரைக் கேட்டிருக்கிறார். அவருடைய முழுப்பெயர் ஐந்து சொல் நீளம். ஒன்றுகூட வாயில் வரவில்லை. பதிலுக்கு வந்ததெல்லாம் அர்த்தமில்லாத சத்தங்கள். வசனம் பேசிப் பிழைக்கிறவருக்குத் தன் பெயரே வரவில்லையென்றால் எப்படி இருந்திருக்கும்! சாக விட்டுவிடுங்கள் என்று மருத்துவர்களிடம் கேட்டதாக அவரே பின்னால் எழுதியிருக்கிறார்.

மூளை பாதிப்பால் இப்படிச் சொல் வராமல் போவதற்கு 'அஃபேசியா' என்று பெயர். அதோடுதான் நாங்கள் குடித்தனம் நடத்துகிறோம். அக்கா தண்ணீர் கேட்க நினைத்து 'சாவி' என்பார். சொன்னது தப்பு என்று அவருக்கே உடனே தெரிந்துவிடும். அப்போது அந்த முகத்தைப் பார்க்க முடியாது. ஆனால் 'ஞாயிறு' என்று எடுத்துக் கொடுத்தால் சனி வரை தடுமாறாமல் ஒப்பிப்பார். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால் மட்டும் ஞாயிறிலிருந்து விரல் விட்டு வந்து, வியாழனில் நிறுத்தி, அதைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டும். பார்க்க வருகிறவர்கள் காது கேட்காதவரிடம் பேசுவது போலக் கத்துவார்கள். சிலர் குழந்தையிடம் பேசுவது போலக் கொஞ்சுவார்கள். புத்தி எங்கேயும் போகவில்லை ஐயா. சீட்டாட்டத்தில் இன்றும் என்னிடம் அவர் தோற்பதில்லை.

எமிலியாவுக்கு ஒரு வாரத்தில் பேச்சு திரும்பிவிட்டது. எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. அக்காவை வீட்டுக்கு அனுப்பியபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் மாத்திரைகளும் அடுத்த ஸ்கேன் தேதியும் இருந்தன. ஸ்பீச் தெரபி பற்றி ஒரு வரி இல்லை. நாங்களாக விசாரித்துத் தெரிந்துகொள்வதற்குள் மூன்று மாதம் போய்விட்டது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

2013-ல் எமிலியாவுக்கு இரண்டாவது சிகிச்சை நடந்ததை நீங்கள் ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். மூளையின் மறுபக்கத்தில் இருந்த இன்னொரு ரத்தக்குழாய் வீக்கம் இரண்டு மடங்காகியிருந்தது. கம்பி விட்டு அடைக்கும் முயற்சி பலிக்காமல் ரத்தம் கசிய, இந்த முறை மண்டை ஓட்டைத் திறக்க வேண்டியதாயிற்று. முதல் சிகிச்சைக்குப் பிறகு, பேட்டிகளுக்கு நடுவே வலிக்கு மார்ஃபின் எடுத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தவர் அவர். 2019 வரை இதையெல்லாம் பொதுவெளியில் சொல்லவில்லை. அந்த வருடம்தான் 'சேம்யூ' என்ற தொண்டு அமைப்பையும் தொடங்கினார். மூளைக் காயம், பக்கவாதம் வந்தவர்களுக்கு ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகு வேண்டிய மறுவாழ்வுச் சிகிச்சைதான் அதன் வேலை. உங்கள் கட்டுரையில் அதன் பெயர்கூட இல்லை.

அடுத்த முறை இப்படி எழுதும்போது ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாவது சேருங்கள். இடி விழுந்தது போலத் திடீரென்று தாங்க முடியாத தலைவலி வந்தால் மாத்திரை போட்டுப் படுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று. பேச வராதவரிடம் ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும், வாக்கியத்தை நாமே முடித்து வைக்கக் கூடாது என்று.

அப்புறம், அக்காவுக்கும் ஒரு கோரிக்கை உண்டு. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்கிறார். அந்தச் சொல் வரவில்லை. உங்கள் இதழை விரித்துப் பிடித்து, கைகளை அகட்டிக் காட்டினார்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகர் ஒருவர்