கேட்கப் பயப்படும் கேள்வி

ஆசிரியருக்கு,

நர்சிங் மாணவிகளுக்கு மனநலப் பாடம் ஏன் சிரமமாக இருக்கிறது என்று போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மனநல வார்டில் 22 வருடம் வேலை பார்த்தவள் நான். வார்டு பயிற்சிக்கு (போஸ்டிங்) வரும் மாணவிகளைக் கூடவே வைத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறேன். பாடம் பெரிது என்று அதில் சொல்லியிருப்பது சரிதான். ஆனால் மாணவிகள் தடுமாறுவது புத்தகத்தில் இல்லை, கட்டில் பக்கத்தில்.

மனநிலை அளவுமீறி ஏறி இறங்கும் நோய்க்குக் கொடுக்கும் மருந்து லித்தியம். அது ரத்தத்தில் எவ்வளவு இருக்கலாம் என்று ஒரு மாணவியிடம் கேட்டேன். லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிமோல், 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து என்று டக்கென்று சொன்னாள். அவள் கண்ணெதிரிலேயே, லித்தியம் சாப்பிட்டுவந்த ஓர் அம்மா தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும் வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் இருந்தார். மடியெல்லாம் நனைந்திருந்தது. இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு என்று கேஸ் ஷீட்டில் இருந்தது. உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். மாத்திரை அதே அளவுதான், ரத்தத்தில் மட்டும் ஏறிக்கொண்டே போகும். அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிட்டோம். விரலில் லேசான நடுக்கம் லித்தியம் சாப்பிடும் பலருக்கு இருக்கும். டம்ளர் தளும்பும் நடுக்கத்தை அதோடு சேர்க்கக் கூடாது.

இதைவிட எனக்குக் கவலை ஒரு கேள்வியைப் பற்றித்தான். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நோயாளியிடம் கேட்க மாணவிகள் நடுங்குகிறார்கள். இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பயம். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. கேட்டதும் அடக்கிவைத்திருந்ததையெல்லாம் கொட்டி அழுதவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். “தப்பா எதுவும் நினைக்கலையே?” என்று சுற்றி வளைத்தால் “இல்லை” என்ற பதிலை நாமே எடுத்துக்கொடுத்துவிடுகிறோம். “செத்துடலாம்னு தோணுதா?” என்று நேராகக் கேட்க வேண்டும். ஆமாம் என்றால், எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அதற்கானது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும். அவரைத் தனியாக விட்டுவிட்டு டாக்டரிடம் சொல்லப் போகக் கூடாது, இன்னொருவரை அங்கே வரவழைக்க வேண்டும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்கும் கொடுக்கக் கூடாது.

அப்புறம், மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்கள். படுக்கையை விட்டே எழாதவர் எழுந்து நடமாடுவார், ஆனால் மனசு இன்னும் தேறியிருக்காது. தற்கொலை எண்ணம் அப்படியே இருக்க, அதைச் செய்யும் தெம்பு மட்டும் திரும்பியிருக்கும். ‘ஆள் தேறிட்டாங்க’ என்று எல்லோரும் கண்ணை எடுப்பதும் அப்போதுதான்.

நர்சுக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவைத்தான் அமெரிக்க நர்சிங் அறிஞர் ஹில்டகார்ட் பெப்ளாவ் 1952-இலேயே நர்சிங்கின் மையத்தில் வைத்தார். அந்த உறவு வளரும் கட்டங்கள் என்று அவர் சொன்னவற்றை மாணவிகள் வரிசை தப்பாமல் ஒப்பிக்கிறார்கள். அதோடு, வகுப்பிலேயே இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்து அந்தத் தற்கொலைக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டுப் பழகட்டும். செய்முறைத் தேர்வில் அதற்கும் மதிப்பெண் கொடுங்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். என்னிடம் வந்த மாணவிகளை மருந்து அறையில் நிற்கவைத்துச் சொல்லச் சொல்வேன். முதலில் சிரிப்பு வரும், பிறகு குரல் உள்ளே போய்விடும். அந்த லித்தியம் மாணவி ஏழாவது தடவைதான் என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மனநல வார்டு செவிலியர்