மட்டக்களப்பு, அம்பாறை உறவுகளுக்கு: சிதம்பரத்திலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

வைகாசிப் பௌர்ணமியை ஒட்டி உங்கள் ஊர்களைச் சுற்றிப் பார்க்க வந்த கணவன் மனைவி நாங்கள். நல்லபடியாக வீடு வந்து சேர்ந்துவிட்டோம். வந்த களைப்பு தீருமுன் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. எங்களுக்கு உதவியவர்களில் பலரின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ள முடியவில்லை. உதவிய கையோடு கிளம்பிப் போய்விட்டீர்கள். நீங்கள் செய்த உதவியால் பிறகு என்ன நடந்தது என்பது உங்களில் ஒருவருக்கும் தெரியாது. அதைச் சொல்லாமல் இருந்தால் எங்களுக்கு மனசு ஆறாது. இதைப் படிக்கிறவர்களுக்கு ஆள் யாரென்று அடையாளம் தெரிந்தால், தயவுசெய்து அவரிடம் காட்டிவிடுங்கள்.

நாங்கள் ஏன் வந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். விபுலாநந்த அடிகள் 1931இல் எங்கள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக வந்து அமர்ந்தவர். அதே வளாகத்தில் தமிழ் படித்து, ஓய்வு பெறும்வரை பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். 1947 ஜூனில், பழந்தமிழ் இசையை ஆராய்ந்து அவர் எழுதிய யாழ்நூல் எங்கள் பக்கத்துத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். அவர் பிறந்த காரைதீவையும் அடக்கமான கல்லடி உப்போடையையும் ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. என் கணவருக்குக் காதில் கோளாறு, விமானம் ஒத்துக்கொள்ளாது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2024 ஆகஸ்டில் மறுபடி கப்பல் ஓடத் தொடங்கியதால்தான் எங்கள் பயணம் கைகூடியது.

யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ். விடியும் முன்னே மட்டக்களப்பில் இறங்கப் போனால், மேல்தட்டில் இருந்தது எங்கள் பை இல்லை. அதே நீலம், அதே அளவு. உள்ளே பிள்ளைகளின் சட்டைத்துணி, பால்மா, துணியில் சுற்றிய மண்வெட்டித் தலை. பாஸ்போர்ட்டும் பணமும் என் கைப்பையில் பத்திரமாக இருந்தன. ஆனால் என் கணவருடைய சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, டாக்டர் சீட்டு, மூக்குக்கண்ணாடி எல்லாம் போன பைக்குள். அவர் முகம் வாடிப்போனதைப் பார்த்த கண்டக்டர் தம்பி, "ஓட்டமாவடியில இறங்கின ஆக்கள்தான் மாறி எடுத்திருப்பாங்க. ஒண்டுக்கும் யோசியாதீங்க அம்மா" என்றார். மண்வெட்டியோடு ஒரு இரும்புக்கடை பில் இருந்தது. அதில் கடையின் நம்பர். இரவெல்லாம் விழித்து வந்தவர், வீட்டுக்குப் போய்ப் படுக்காமல், கடை திறக்கும்வரை எங்களோடு பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்து, கடைக்காரர் மூலமாக ஆளைப் பிடித்துப் பேசி, பை பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எழுந்து போனார். தம்பி, பை அடுத்த நாளே வந்துவிட்டது.

கொண்டுவந்தவர் ஓட்டமாவடிக்காரர். வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்த கையோடு மோட்டார் சைக்கிளில் சுமார் 30 கிலோமீட்டர் வந்திருந்தார். நியாயமாகப் பார்த்தால் அவர் பையை நாங்களும், எங்கள் பையை அவரும் நடுவழியில் சந்தித்து மாற்றிக்கொண்டிருக்கலாம். "வயசான ஆக்களை அலைக்கழிக்கிறதா?" என்று அவர் ஒப்பவே இல்லை. ஜிப்பைத் திறந்ததும் மேலே புடவை தெரிந்ததாம். அவர் மனைவி உடனே மூடிவிட்டு, அதற்குமேல் யாரையும் தொடவிடவில்லையாம். அந்தச் சகோதரி எங்களுக்காகக் கொடுத்துவிட்ட வறுத்த கஜுப் பொட்டலத்தைக் கப்பலில் வரும்போது பிரித்தோம். சகோதரி, உங்களை நான் பார்த்ததே இல்லை. ஆனால் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பையை நீங்கள் மூடிவைத்த அந்தப் பண்பை என் மகள்களிடம் சொல்லியிருக்கிறேன்.

பை வந்து சேரும்வரை மாத்திரைக்கு என்ன வழி? என் கைப்பையில் தீர்ந்துபோன மாத்திரை அட்டை ஒன்று கிடந்தது. எங்கள் ஊரில் விற்கிற பெயர் அங்கே யாருக்கும் தெரியவில்லை, இரண்டு கடைகளில் கையை விரித்துவிட்டார்கள். மூன்றாவது பார்மசியில் ஓர் இளம்பெண், அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தில் பாதி கிழிந்திருந்த மருந்தின் மூலப்பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தார். "இது மெட்ஃபார்மின்தான் அம்மா, 500. ஆனா துண்டு இல்லாமத் தரக்கூடாது" என்று சொல்லி, கடையில் இன்னொருவரை நிறுத்திவிட்டு, பக்கத்துத் தெரு டாக்டரிடம் தாமே கூட்டிப் போனார். டாக்டர் பிரஷர் பார்த்தார், சர்க்கரை பார்த்தார், துண்டு எழுதிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அந்தப் பெண் மாத்திரைகளைச் சின்னக் காகித உறைகளில் போட்டு, கண்ணாடி இல்லாமலும் அவருக்குத் தெரியட்டும் என்று காலை உறையில் பெரிதாக ஒரு சூரியனும் இரவு உறையில் பிறையும் வரைந்து கொடுத்தார். மகளே, ஊருக்கு வந்ததும் ரத்தம் பரிசோதித்தோம். எப்போதும் இருக்கிற அளவுதான், கூடவில்லை. எங்கள் டாக்டர் உன் உறைகளைப் பார்த்துவிட்டு, "நம்ம ஆட்களும் இப்படி எழுதிக் கொடுத்தா நல்லாருக்கும்" என்றார்.

கல்லடியில் எங்களைத் தங்கவைத்திருந்த வீட்டுக்கார அக்கா, என் கணவருக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாள் முதல் காலையில் குரக்கன் (கேழ்வரகு) பிட்டுதான் அவித்தார். அவருக்கு நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன், இங்கேயும் ஒரு முறை சொல்லிக்கொள்கிறேன்.

இனி வாவியைப் பற்றி. நிலா இரவில் தண்ணீருக்கடியிலிருந்து இசைபோல ஒலி வருமாம், பாடும் மீன்கள் என்பார்கள். அதைக் கேட்க வேண்டும் என்று சொன்னது நான்தான், என் கணவர் இல்லை. அவருக்கு இடது காது முழுக்கப் போய்விட்டது. வலது காதிலும் கருவி வைத்தால்தான் பேச்சு விளங்கும். தண்ணீரில் விழுந்துவிடும் என்று அன்று இரவு அதையும் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டார். "நீ கேட்டுட்டு வந்து சொல்லு" என்று தோணியின் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டார். நிலா நன்றாக ஏறியிருந்தது. 1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் தோணிக்காரர் வலிப்பதை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் நட்டு, மேல்முனையை என் காதில் வைக்கச் சொன்னார். எனக்கு முதலில் தண்ணீர் அலம்புவது மட்டும் கேட்டது. இடம் மாற்றினார். மறுபடி மாற்றினார். அப்போது கேட்டது: தம்புராவின் ஒரு தந்தியை மட்டும் யாரோ விட்டு விட்டுத் தட்டுவதைப் போல.

என் முகத்தைப் பார்த்துவிட்டு என் கணவர் பேசாமல் வாவியின் பக்கம் திரும்பிக்கொண்டார். தோணிக்காரர் அதைக் கவனித்துவிட்டார். "ஐயாவும் கேக்கட்டும்" என்றார். காது கேட்காது என்றேன். "காதால வேணாம். காதுக்குப் பின்னால எலும்பு இருக்குதானே, அதுல வச்சு அமத்துங்க" என்று சொல்லி, துடுப்பின் முனையை அவர் காதுக்குப் பின்னே தாமே பொருத்தி, ஒரு கையால் தலையை அசையாமல் தாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு என் கணவரின் வலதுகை விரல் தோணி விளிம்பில் தட்டத் தொடங்கியது. விட்டு விட்டு. நான் கேட்ட அதே இடைவெளியில்.

இது மீன் இல்லை, ஊரி என்றார் தோணிக்காரர், அடியில் கிடக்கிற நத்தையினம். 1848 செப்டம்பரில் மட்டக்களப்புக்கு வந்து, இதே வாவியில் படகில் போய் இந்த ஒலியைக் கேட்டு எழுதிவைத்த எமர்சன் டெனன்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரியிடம் அன்றைய மீனவர்கள் காட்டியதும் ஊரியைத்தான். மீனோ ஊரியோ, ஆராய்கிறவர்கள் ஆராயட்டும். பேசிய கூலிக்கு மேல் நீங்கள் ஒரு ரூபாய் வாங்கவில்லை ஐயா. மற்றவர்கள் தன்னிடம் கத்திப் பேசவேண்டியிருக்கிறதே என்று வெளியே போவதையே குறைத்துக்கொண்ட மனிதர் என் கணவர். அன்று கரைக்கு வந்ததிலிருந்து கப்பல் ஏறும்வரை பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே வந்தார். இங்கே தெருவில் எல்லோருக்கும் உங்களைத் தெரியும்.

காரைதீவுக்குப் போன அன்று கண்ணகை அம்மன் கோயிலில் சடங்கு நடந்துகொண்டிருந்தது. சிலப்பதிகாரத்தை வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். கண்ணகிக்குக் கல்யாணக்கால் நட்டு, வழக்குரை பாடி, குளிர்த்தி ஆடி அவள் கோபத்தை ஆற்றுகிற ஊரில் நின்றது அதுதான் முதல் தடவை. வெயிலும் கூட்டமும் சேர்ந்து எனக்குத் தலை சுற்றிவிட்டது. கண் திறந்தபோது ஓர் ஆச்சியின் மடியில் இருந்தேன். அவர் தன் சேலைத் தலைப்பை நனைத்து என் நெற்றியில் வைத்திருந்தார். "ஆரு பெத்த புள்ளையோ, எழும்பாத மனே, படுத்திரு" என்று அதட்டினார். இந்த வயதில் என்னைப் பிள்ளை என்று கூப்பிட ஆள் இருந்தது. இளநீர் வெட்டிக் கொண்டுவந்த பையன்களுக்கும், வெயில் மறைக்கச் சுற்றி நின்ற பெண்களுக்கும் என் நன்றி. ஆச்சி, நான் சுகமாக இருக்கிறேன். அன்று சாயங்காலமே அடிகளார் பிறந்த வீட்டையும் பார்த்துவிட்டேன்.

பார்த்துவிட்டு வரும் வழியில் ஒரு வங்கி மெஷின் எங்கள் கார்டை விழுங்கிவிட்டது. அடுத்த நாள் போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை, எல்லாம் பூட்டு. முந்தின நாள் மருதமுனையில் கைத்தறிச் சாரம் வாங்கிய கடை நினைவுக்கு வர, விசாரிக்கத்தான் போனோம். கடைக்காரர் கல்லாவிலிருந்து 5,000 ரூபாய் எடுத்து நீட்டினார். எழுதி வாங்கவில்லை, போன் நம்பர்கூடக் கேட்கவில்லை. வங்கி திறந்ததும் கார்டு கிடைத்துவிட்டது. பணத்தைக் கொண்டுபோனபோது கடையில் உங்கள் மகன்தான் இருந்தார், அவரிடம் கொடுத்துவிட்டோம். உங்களை இன்னொரு முறை பார்க்க முடியவில்லை என்ற குறை மட்டும் இருக்கிறது.

கடைசியாக ஒரு முக்கியமான விஷயம். அடிகளாரின் சமாதியைப் பார்த்துவிட்டுப் பழைய பாலத்தில் நடந்துவரும்போது என் செருப்பு வார் அறுந்தது. பகல் முழுக்கக் காய்ந்த பாலம், கால் வைக்க முடியவில்லை. ஸ்கூட்டியை நிறுத்திய ஒரு பெண், தன் செருப்பைக் கழற்றி என் முன்னால் வைத்துவிட்டு, "நான் கிட்டத்தான் போறன் அம்மா" என்று வெறுங்காலோடு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டாள். கறுப்புச் செருப்பு, வாரில் சிவப்புப் பூ. அதைக் கழுவித் துடைத்து, கல்லடியில் எங்கள் வீட்டுக்கார அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். கூடவே உனக்கென்று ஒரு மருதமுனைச் சேலையும் இருக்கிறது. தோணிகள் கட்டுகிற துறையில் அந்த அக்காவின் வீட்டைக் கேட்டால் யாரும் காட்டுவார்கள். பூ எந்தப் பக்கம் உதிர்ந்திருந்தது என்று மட்டும் சொல்லு, தந்துவிடுவார்.

ஆனித் திருமஞ்சனத்துக்கோ மார்கழித் திருவாதிரைக்கோ உங்களில் யார் சிதம்பரம் வந்தாலும் எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும். அக்காவிடம் எங்கள் முகவரி இருக்கிறது.

என்றும் நன்றியுடன்,
சிதம்பரத்திலிருந்து வந்த டீச்சரும் அவர் கணவரும்