கழுத்தைப் பார்க்காமல் விட்டேன்

தென்காசி

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா முட்டிவலியோடு நடமாடிக்கொண்டிருக்கிறாள். பதில் தாமதமானதற்கு ஒரு நோயாளி காரணம். கண் டாக்டரான உனக்கு அவளைப் பற்றி எழுதியே ஆகவேண்டும்.

38 வயது, பீடி சுற்றுகிறவள். ஆறு வருஷமாக வலிப்பு மாத்திரை. நானே இரண்டு முறை அதே சீட்டைத் திருப்பி எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த முறை கண்புரை ஆபரேஷனுக்கு உடல்தகுதி பார்க்க வந்தாள். இரண்டு கண்ணிலும் புரை. சர்க்கரை இல்லை, அடிபட்டதும் இல்லை. இந்த வயதில் ஏன் என்று யோசித்தபோதுதான் அவள் கழுத்தைப் பார்த்தேன். செயினுக்கு அடியில், கழுத்து மடிப்போடு மடிப்பாக ஒரு தழும்பு. பதினோரு வருஷத்துக்கு முன் தைராய்டை எடுத்திருக்கிறார்கள். அதன் பின்னால் ஒட்டியிருந்து ரத்தத்தில் கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பிகளும் அதோடு போயிருக்கலாம். அப்போது கொடுத்த கால்சியம் மாத்திரை தீர்ந்ததும் யாரும் தொடரவில்லை.

தோல் வறண்டிருந்தது, நகங்கள் பிளந்திருந்தன. காதுக்கு முன்னால் விரலால் தட்டினேன். உதட்டோரம் வெட்டி இழுத்தது. கால்சியம் குறைந்தால் வரும் அந்த ஸ்வோஸ்டெக் அடையாளம் நல்ல உடம்புக்காரர்களிலும் பத்தில் ஒருவருக்கு இருக்கும், அதனால் அதை மட்டும் நம்பவில்லை. பிரஷர் பட்டையைக் கட்டி, சிஸ்டாலிக் அளவுக்கு மேல் 20 ஏற்றி, மூன்று நிமிஷம் வைத்தேன். இரண்டாவது நிமிஷத்தில் மணிக்கட்டு மடங்கியது. விரல்கள் விறைத்து நீண்டு ஒன்றோடொன்று ஒட்டின, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போனது. குழந்தைக்குச் சோறூட்டக் குவித்த கை மாதிரி. அவள் பயப்படவே இல்லை. "இலை வெட்டறப்ப இப்படித்தான் டாக்டர், கத்தரியோட கை நின்னுக்கும்" என்றாள். எத்தனை வருஷமாக என்று கேட்டேன். "ஆபரேஷன் பண்ணதுல இருந்தே." நான் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாள், கலா.

பாரிஸில் டாக்டர் ட்ரூசோ இந்தக் கையை விவரித்தது 1861-ல். மனித உடலில் பாராதைராய்டைச் சாண்ட்ஸ்ட்ரோம் கண்டெழுதியது 1880-ல். சுரப்பிக்குப் பெயரே இல்லாத காலத்தில் கையைப் பார்த்தே நோயைப் பிடித்திருக்கிறார்கள். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் இருக்கிற நான் இத்தனை நாள் தவறவிட்டேன்.

ரத்தத்தில் கால்சியம் 5.6, மிகவும் குறைவு. பாஸ்பரஸ் ஏறியிருந்தது, பாராதைராய்டு ஹார்மோன் இல்லாத குறைதான். கை விறைத்ததும் வலிப்பும் புரையும் அதனால்தான். இசிஜியில் க்யூடி என்கிற இதயத் துடிப்பு இடைவெளி நீண்டிருந்தது. சிடியில் மூளையின் உள்முடிச்சுகளில் சுண்ணாம்புப் படிவு. உடனே சேர்த்து, மானிட்டர் போட்டு, கால்சியம் குளுக்கோனேட்டை மெதுவாக ஏற்றினோம். இப்போது கால்சியம் மாத்திரையும், வைட்டமின் டி வகையான கால்சிட்ரியாலும். வலிப்பு மாத்திரையை இப்போதைக்கு நிறுத்தவில்லை.

புரை இனிக் கலையாது. கால்சியம் அளவு 8-ஐத் தாண்டியதும் அவளை உன்னிடம் அனுப்பட்டுமா? அதற்கிடையில் உன் ஓபியில் சின்ன வயதில் புரையோடு யாராவது வந்தால், கண்ணைப் பார்க்கும் முன் கழுத்தைப் பார்த்துவிடு.

அன்புடன்,
சாந்தி