பாதியில் மூடிவைத்த புத்தகம்

திருப்பாதிரிப்புலியூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தம்பி போன வாரம் வந்துவிட்டுப் போனான். இதை உன் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன், வீட்டில் பகலில் தபால் வாங்க ஆள் இருக்காதே என்றுதான். போனில் பேச எனக்கு இப்போதெல்லாம் தோதுப்படவில்லை. நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், நான் உன்னை ஒன்று கேட்டால் மாப்பிள்ளை பதில் சொல்கிறார். நல்லவிதமாகத்தான் சொல்கிறார். ஆனாலும் எனக்கு உன்னிடம் ஒரு நாவலைப் பற்றிப் பேச வேண்டும். நடுவில் இன்னொருவர் இருந்தால் எனக்கு அது வராது.

'ரோஸ் மேடர்' நினைவிருக்கிறதா? ஸ்டீபன் கிங் எழுதியது, 1995-இல் வந்தது. நீ காலேஜில் படித்தபோது பாண்டிச்சேரி ஞாயிறு சந்தையில், காந்தி வீதியில் பேரம் பேசி வாங்கினாய். அந்த டிசம்பர் கடைசியில் தானே புயலில் நனைந்து, காயவைத்ததும் இரண்டு மடங்கு தடித்துப்போனதே, அதே புத்தகம். நீ பாதியில் மூடிவைத்துவிட்டு, "எழுதினவரே இது மட்டம்னு சொல்லிட்டாரும்மா" என்றாய். நீ சொன்னது உண்மைதான். 2000-இல் வந்த 'ஆன் ரைட்டிங்'கில் கிங் இதையும் 'இன்சோம்னியா'வையும் சேர்த்து, விறைப்பானவை, ரொம்பவும் மெனக்கெட்டு எழுதியவை என்று ஒதுக்கிவிட்டார். எழுதியவரே கைவிட்ட பிள்ளையை அப்புறம் யார் தூக்குவார்கள்?

இப்போது முழுசாகப் படித்தேன். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன். அவரே சொல்லியிருந்தாலும் அது தப்பான தீர்ப்பு பாப்பா. இத்தனை வருடம் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாடம் நடத்தியவள் என்கிற உரிமையில் சொல்கிறேன்.

முதலில் அந்த ரத்தத் துளி. நார்மன் தன் மனைவி ரோஸியை 14 வருடம் அடிக்கிறான். 1985-இல் அவன் அடித்த அடியில் வயிற்றிலிருந்த குழந்தை போய்விடுகிறது. அவன் போலீஸ்காரன், அவள் எங்கே போய்ப் புகார் கொடுப்பாள்? இத்தனையும் தாங்கியவள், பல வருடம் கழித்து ஒரு காலையில் படுக்கையைச் சரிசெய்யும்போது விரிப்பில் ஒரு சின்ன ரத்தத் துளியைப் பார்க்கிறாள். முந்தின இரவு மூக்கில் வாங்கிய குத்தின் மிச்சம். அவள் வாங்கியவற்றில் அது பெரிய அடியே இல்லை. ஆனால் அதைப் பார்த்தபடி நின்றவள் அன்றைக்கே வீட்டை விட்டுப் போகிறாள். செத்துப்போவோமோ என்பதைவிட, சாகாமல் இப்படியே இருந்து கிழவியாகிவிடுவோமோ என்பதுதான் அவளை உலுக்குகிறது.

"குழந்தை போனப்போ போகாதவ ஒரு சொட்டு ரத்தத்துக்கா போவா? நம்புற மாதிரி இல்லை" என்று நீ அன்றைக்குச் சொன்னாய். உனக்கு அப்போது இருபது வயதுகூட இல்லை. எனக்கு அந்தத் துளிதான் இந்த நாவலிலேயே உண்மையான இடம். பெரிய அடி விழுந்தால் அதை ஆற்றவும் மறைக்கவுமே நேரம் சரியாகப் போய்விடும். வெளியே சொல்வதற்கு ஒரு பெரிய காரணம் வரட்டும், யாரும் குறை சொல்ல முடியாத காரணம் வரட்டும் என்று காத்திருப்பவர்கள்தான் அதிகம். பெரியம்மா அப்படித்தான் காத்திருந்தாள். ஊஞ்சலை ஏன் கழற்றினோம் என்று உனக்குத் தெரியும். கிங் அந்தக் காத்திருப்பை உடைக்கிறார். ஒரு துளி போதும் என்கிறார். வெளியே யாரிடமும் சொல்ல முடியாத அளவுக்குச் சின்னதாக இருந்தாலும் போதும்.

அதற்கப்புறம் வருகிற பக்கங்களைப் போல அவர் வேறெங்கும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. 'தி ஷைனிங்'கில் ஓட்டலையும் 'இட்'டில் கோமாளியையும் வைத்துப் பயமுறுத்தியவர், இங்கே பட்டப்பகலில் ஒரு பெண் தன் வீட்டு வாசலைத் தாண்டித் தெருவில் நடப்பதை வைத்தே அந்தப் பயத்தைக் கொண்டுவருகிறார். பேய் கிடையாது, இருட்டு கிடையாது. பணம் எடுக்க மெஷின் முன்னால் நிற்கிறாள், நமக்கு வயிற்றைப் பிசைகிறது. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறாள், யார் கதவைத் திறந்தாலும் அவனாக இருக்குமோ என்று நாமும் நிமிர்ந்து பார்க்கிறோம். பேய்க்கதை எழுதத் தெரிந்தவர் எழுதியதால்தான் அது அப்படி வந்திருக்கிறது.

அவள் எடுத்துப்போவது அவனுடைய வங்கிக் கார்டை. அவள் பெயரில் ஒரு கணக்குக் கிடையாது. இதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. உன் சம்பளம் உன் கணக்குக்குத்தானே வருகிறது? கார்டு உன்னிடம்தானே இருக்கிறது? நீ வேலைக்குச் சேர்ந்தபோதே சொன்னேன், கார்டை உன் கையில் வைத்துக்கொள் என்று. எல்லாம் பொதுவாக இருக்கலாம், ஒன்று தனியாக இருக்கட்டும்.

பிறகு தன் நிச்சயதார்த்த மோதிரத்தை அடகுக்கடைக்கு எடுத்துப்போகிறாள். வைரம் என்று அவன் போட்ட கல் போலி என்று அங்கேதான் தெரிகிறது. அதைக் கொடுத்துவிட்டு ஒரு பழைய ஓவியத்தை வாங்கிக்கொள்கிறாள். குன்றின்மேல் சிவப்பு உடையில் ஒருத்தி முதுகைக் காட்டி நிற்கிற படம். அந்தச் சிவப்புதான் தலைப்பு. மேடர் செடியின் வேரிலிருந்து எடுக்கிற சாயம் அது. நம் கரையில் அந்தக் காலத்தில் துணிக்குச் சிவப்பு ஏற்றிய சாயவேரிலும் இருப்பது அதே அலிசரின்தான்.

அதே கடையில் ஒருவர் அவள் குரலைக் கேட்டுவிட்டு, ஒரு புத்தகத்தைக் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்கிறார். புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்யும் வேலை அவளுக்குக் கிடைக்கிறது. 14 வருடம் வாயைத் திறக்கப் பயந்தவளுக்குக் குரலே பிழைப்பாகிறது. இந்த இடத்தைப் படிக்கும்போது உன்னை நினைத்துக்கொண்டேன். மஞ்சக்குப்பத்தில் மாவட்டப் பேச்சுப்போட்டியில் நீ பேசியபோது பின்வரிசைப் பையன்கள்கூட வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். நடுவராக வந்திருந்த அம்மா என்னைத் தேடிவந்து, யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளுக்கே வந்தது என்றேன். அப்படிப்பட்ட பிள்ளை இப்போது என்னிடம் "ம்", "சரிம்மா", "அப்புறம் பேசறேன்" என்று மூன்று சொல்லோடு வைத்துவிடுகிறாய். பெற்றவளுக்கு இதைவிட அதிகமாக ஒரு நாலு வார்த்தை தரக்கூடாதா?

நார்மனைப் பற்றித்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள். மிகையாக இருக்கிறான், கடிக்கிறான், கடைசியில் காளை முகமூடி மாட்டிக்கொண்டு திரிகிறான் என்று. பாதி ஒத்துக்கொள்கிறேன். அவன் மண்டைக்குள் நுழைந்து எழுதிய பக்கங்கள் தேவைக்கு அதிகம். ஓவியத்துக்குள் அவள் போவது, கோவில், புதிர்வழி, காளை எல்லாம் இழுவை. நான் பாடமாக வைத்தால் அதில் பாதியைத் தள்ளியிருப்பேன். ஆனால் அவன் பேசுகிற விதம் ஒன்று இருக்கிறது. அடிப்பதற்கு முன்னால் கத்த மாட்டான். கிட்ட வந்து பேச வேண்டும் என்பான், நெருக்கத்தில் பேச வேண்டும் என்பான். அந்த நிதானம்தான் அவளை நடுங்க வைக்கும். இதை மிகை என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். போன முறை நாம் பேசிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து "கொஞ்சம் இங்க வா" என்று மெதுவாக ஒரு குரல் கேட்டது. நீ பாதி வார்த்தையில் போனை வைத்துவிட்டாய். அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. நாவலைப் படித்தவளுக்கு எதைக் கேட்டாலும் அது ஞாபகம் வருகிறது.

சித்தி வீட்டு வளைகாப்பில் அந்த வெயிலில் முழுக்கை ரவிக்கையோடு நின்றாய். வளையல் போட வந்தவர்களிடம் கையை நீட்டாமல் மணிக்கட்டு வரை மட்டும் காட்டினாய். நான் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

மாப்பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க வராது என்பது நிச்சயத்தின்போது எனக்குக் குறையாகப் பட்டது. வடக்கே வளர்ந்த பையன், பேசத்தான் வரும் என்று உன் அப்பா சமாதானம் சொன்னார். இப்போது அதை நான் குறையாக நினைக்கவில்லை.

இந்த நாவலில் யாரும் கவனிக்காதது இன்னொன்று. பஸ் ஸ்டாண்டில் உதவி மேசையில் உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதர், அவளிடம் அதிகம் கேட்காமல் ஒரு முகவரியைக் கொடுத்து அனுப்புகிறார். அங்கே இவளைப் போலவே வந்த பெண்கள் இருக்கிறார்கள். கெர்ட் என்று ஒருத்தி, ஆள் பெரிய உருவம், மற்றவர்களுக்குத் தற்காப்புச் சொல்லிக்கொடுக்கிறாள். பிற்பாடு நார்மனே அவளிடம் மாட்டிக்கொண்டு படுகிற பாட்டை எழுதினால் உனக்குப் படிக்கிற ருசி போய்விடும். தனியாகப் போகிறோம் என்று நினைத்துக் கிளம்பியவளுக்கு இத்தனை பேர். அதற்கு விலையும் உண்டு, அந்தப் பெண்களில் சிலர் உயிரையே கொடுக்கிறார்கள். கிங் அதை மறைக்கவில்லை.

அந்த நாவல் வந்தபோது நம் நாட்டில் கணவன் கொடுமைக்கென்று தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு இருந்தது. குடும்ப வன்முறைக்கென்று தனிச் சட்டம் 2005-இல் நிறைவேறி, 2006 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. பேச்சால் வதைப்பதும், பணத்தைத் தராமல் முடக்கி வைப்பதும்கூட வன்முறைதான் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. கைகால் உடைய வேண்டும் என்றில்லை. 181 என்று ஒரு எண் இருக்கிறது, பெண்கள் எந்த நேரத்திலும் கூப்பிடலாம். பள்ளியில் பெரிய வகுப்புப் பெண்களுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தேன், அந்தப் பழக்கத்தில் எழுதிவிட்டேன். நீயும் தெரிந்து வைத்துக்கொள்.

கடைசிப் பகுதிக்கு வருகிறேன், இதற்காகவே இந்த நாவலை மேலே வைக்கிறேன். நார்மன் போய்விட்டான், நல்லவன் ஒருவன் கிடைத்துவிட்டான், வேறு யாராக இருந்தாலும் அங்கே முடித்திருப்பார்கள். கிங் முடிக்கவில்லை. ரோஸிக்குள் கோபம் தங்கிவிடுகிறது. அன்பாக இருக்கிறவன்மேலேயே கை ஓங்கத் தோன்றுகிற கோபம். இத்தனை வருடம் வாங்கியது உடம்பை விட்டுச் சும்மா போய்விடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவள் என்ன செய்கிறாள் என்பதை நான் சொல்லப்போவதில்லை, ஒரு விதை, ஒரு மரம், ஒரு நரி வருகிறது, அவ்வளவு போதும். தப்பித்தவள் உடனே சந்தோஷமாகிவிட வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நானும் யாரிடமும் அப்படி எதிர்பார்க்க மாட்டேன். வந்து மூலையில் படுத்துக்கிடந்தாலும் சரி, எரிந்து விழுந்தாலும் சரி, ஒரு மாதம் பேசாமல் இருந்தாலும் சரி.

புத்தகத்தை அனுப்பவில்லை. இங்கே உன் அலமாரியில்தான் இருக்கிறது. வந்து படி. லீவு சொல்ல ஒரு காரணம் வேண்டுமென்றால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல். பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது பாண்டிச்சேரி. அப்பா பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்பார், அவருக்கு எப்படியும் நாலு மணிக்கு மேல் தூக்கம் இல்லை. அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை, அவரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் உன் அறைக்கு வெள்ளையடித்து, தாழ்ப்பாளையும் மாற்றிவிட்டார். பக்கத்து வீட்டு மாமி என்ன சொல்வாள், சொந்தக்காரர்கள் என்ன கேட்பார்கள் என்றெல்லாம் யோசிக்காதே. வாசலில் நிற்பது நானாக இருப்பேன், பதில் சொல்வதும் நான்தான்.

நீ படிக்கும்போது நம் இரண்டு பேர் பெயரிலும் திறந்த கணக்கு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அதற்குப் புதுக் கார்டு வாங்கியிருக்கிறேன், உன் பெயர் போட்டது, இந்தக் கவரிலேயே இருக்கிறது. நம் பழைய லேண்ட்லைனின் கடைசி நான்கு எண்கள்தான் பின். எவ்வளவு போட்டிருக்கிறேன் என்று கேட்காதே, போதுமான அளவு போட்டிருக்கிறேன். கார்டை உன் கையில் வைத்துக்கொள். வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டாம், ஆபீஸ் டிராயரிலேயே இருக்கட்டும்.

அப்பாவின் நம்பர் உனக்கு மனப்பாடம்தானே? இல்லையென்றால் இன்றைக்கே பண்ணிக்கொள். போன் உன் கையில் இல்லாவிட்டாலும் எந்தக் கடையிலிருந்தும் கூப்பிடலாம்.

அன்புடன்,
அம்மா