63 நாட் அவுட்: சிட்னியிலிருந்து ஒரு நன்றி மடல்

ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் பிலிப் ஹியூஸுக்காக எங்களோடு சேர்ந்து அழுத எல்லோருக்கும்,

2014 நவம்பர் 25. சிட்னி மைதானத்தில் நியூ சவுத் வேல்ஸுக்கு எதிராக தெற்கு ஆஸ்திரேலிய அணிக்காக 63 ரன்னில் ஆடிக்கொண்டிருந்த ஹியூஸின் கழுத்தில் ஒரு பவுன்சர், அதாவது தலை உயரத்துக்கு எகிறும் பந்து, பட்டது. 27-ஆம் தேதி அவர் போய்விட்டார். இன்னும் மூன்று நாளில் அவருக்கு 26 வயது நிறைந்திருக்கும். அன்று யாருக்கும் நன்றி சொல்லும் நிலையில் நாங்கள் இல்லை. இப்போதாவது சொல்லிவிட வேண்டும்.

வாழைத்தோட்டத்து வீட்டுப் பிள்ளை அவர். டர்பனில் தனது இரண்டாவது டெஸ்டிலேயே 115, 160 என்று இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்தார். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே கொஞ்சம் இடம் கிடைத்தால் போதும், பந்து பாயிண்ட் பக்கம் பறக்கும். எந்தப் பயிற்சியாளரும் சொல்லித்தராத ஆட்டம், அதனால்தான் எங்கள் பையன்களுக்கு அவரை அவ்வளவு பிடித்தது.

மைதானத்துக்குள் ஓடிவந்தவர்களுக்கு முதல் நன்றி. நியூ சவுத் வேல்ஸ் அணியின் மருத்துவர் ஜான் ஆர்ச்சர்ட் புல்தரையிலேயே வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்தார். ஆட்டம் பார்க்க வந்திருந்த தீவிர சிகிச்சை மருத்துவர் ஒருவரும் இறங்கி வந்து கைகொடுத்தார். செயின்ட் வின்சென்ட்ஸ் மருத்துவமனையில் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். அப்புறம் ஆஸ்திரேலிய அணியின் மருத்துவர் பீட்டர் புருக்னர், கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்ததையும், இப்படி நேர்வது எவ்வளவு அரிது என்பதையும் பொறுமையாக விளக்கினார். 'இப்படிச் செய்திருந்தால் பிழைத்திருப்பாரோ' என்று இரவெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

அவர் நினைவாக வீட்டு வாசலில் கிரிக்கெட் மட்டையை வைத்தவர்களே, உங்களுக்கும் நன்றி. எங்கள் தெருவில் கைப்பிடி ரப்பர் உரிந்துபோன ஒரு பழைய மட்டை சுவரில் சாய்ந்து நின்றது, அதன் தலையில் ஒரு பள்ளிக்கூடத் தொப்பி. பக்கத்து வீட்டில் சின்னக் குழந்தையின் நீல பிளாஸ்டிக் மட்டை. ஒருவரையொருவர் தெரியாத வீடுகள் அன்று பேசிக்கொண்டன.

ஆனால் நாங்கள் மிகவும் கடமைப்பட்டிருப்பது ஷான் அபாட்டைத் தாங்கிப் பிடித்தவர்களுக்குத்தான். அந்தப் பந்தை வீசியவர் அவர். வயது 22. யார்மீதாவது கோபத்தைக் கொட்டத் துடிக்கும் துக்கத்தில் அந்தப் பையன் பலியாகியிருக்கலாம். விடவில்லை நீங்கள். அப்போதைய ஆஸ்திரேலிய கேப்டன் மைக்கேல் கிளார்க், சக வீரர்கள், முன்னாள் பந்துவீச்சாளர்கள், முகம் தெரியாத ஆயிரக்கணக்கான ரசிகர்கள் என்று எல்லோரும் 'உன் தவறில்லை' என்றார்கள். இரண்டு வாரத்தில் அதே மைதானத்துக்கு அவர் திரும்பி வந்தார். குயின்ஸ்லாந்துக்கு எதிராக 14 ரன் கொடுத்து ஆறு விக்கெட் எடுத்தார். துக்கத்தில் இருந்தவர்கள் அவருக்குக் கொடுத்த இடம் அது. 2016-இல் மரண விசாரணை அதிகாரியும் யார்மீதும் குற்றமில்லை என்றே முடிவு சொன்னார்.

அந்த நாட்களில் ஷார்ஜாவில் பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டில் விக்கெட் விழுந்தும் கொண்டாடாத நியூசிலாந்து வீரர்களுக்கு நன்றி. அடிலெய்டில் மிட்செல் ஜான்சனின் பவுன்சர் கோலியின் ஹெல்மெட்டில் பட்டதும் பதறி ஓடிவந்த ஆஸ்திரேலிய வீரர்களுக்கு நன்றி. இறுதிச்சடங்குக்கு வந்த அத்தனை பேரையும் தங்கள் சொந்தக்காரர்கள் மாதிரி ஏற்றுக்கொண்ட, ஹியூஸின் சொந்த ஊரான மேக்ஸ்வில் ஊராருக்கும் நன்றி. ஸ்கோர் அட்டையில் 'காயத்தால் வெளியேறினார்' என்றிருந்ததை 63 நாட் அவுட் என்று மாற்றிய ஆஸ்திரேலிய கிரிக்கெட் வாரியத்தை மறக்கவே மாட்டோம்.

கடைசியாக எங்கள் பூங்கா அணியின் பெற்றோர்களுக்கு. பிள்ளைகளின் ஹெல்மெட்டுக்குப் பின்னால் மாட்டும் கழுத்துக் காப்பு வாங்க, கேட்டவுடன் பணம் போட்டீர்கள் அக்கா, அண்ணா. 'உறுத்துகிறது' என்று கழற்றும் பையன்களை அதட்டி மாட்டவைக்கும் அம்மாக்களுக்குத் தனி நன்றி. அடுத்த சனிக்கிழமையும் அதட்டுங்கள்.

அன்புடன்,
மேற்கு சிட்னி தமிழ் கிரிக்கெட் ரசிகர்கள் சிலரின் சார்பில்