வெள்ளை எலும்பும் அளந்து கட்டும் சாப்பாடும் ஏன் எங்கள் கடையில் இல்லை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். காசு மேசைக்குப் பக்கத்தில் தொங்கிய, நாய் கடிக்கும் வெள்ளை எலும்புகள் எங்கே போயின என்று கொஞ்ச நாளாகப் பலரும் கேட்கிறீர்கள். மூட்டையைப் பிரித்து ஒரு கிலோ, அரைக் கிலோவாக அளந்து பொலித்தீன் பையில் கட்டித் தந்த நாய்ச் சாப்பாட்டையும் தேடுகிறீர்கள். இரண்டையும் நிறுத்திவிட்டோம். பின்னேரம் காலி வீதியில் வாகனத்தை ஓரம் கட்டிவிட்டு அவசரமாக உள்ளே வருகிறவரிடம் இரண்டு வசனத்தில் இதை விளக்க முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் அந்த வெள்ளை எலும்பு. அது எலும்பே அல்ல, மாட்டுத் தோல். உறையில் ரோஹைட் என்று எழுதியிருக்கும். தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிரை நீக்குவார்கள். மேல் அடுக்கு செருப்புக்கும் கைப்பைக்கும் போய்விடும். மிஞ்சும் உள் அடுக்கைக் கழுவி, பெரும்பாலும் ஐதரசன் பெரொக்சைட்டில் வெளுக்க வைத்து, சுருட்டியோ முடிச்சுப் போட்டோ காயவைக்கிறார்கள். மாட்டிறைச்சி வாசற்படி தாண்டாத வீடுகளிலிருந்து வந்து இதை வாங்குகிறவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை. காய்ந்த காது வடிவில் வருவது பெரும்பாலும் பன்றிக் காது. அதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குள் என்ன போகிறது என்பதை அறிந்து வாங்குவது உங்கள் உரிமை.

ஆனால் நிறுத்தியதற்குக் காரணம் அதுவல்ல. ரோஹைட் காய்ந்திருக்கும்போது கல்லுப் போல இருக்கும். எச்சில் பட்டதும் வழுவழுப்பாகி நீளும். நாய் கடிக்கக் கடிக்க முடிச்சு அவிழ்ந்து ஒரு துண்டாகக் கழன்று வரும். கடைசி இரண்டங்குலத்தை மென்று முடிக்கப் பொறுமையில்லாத நாய் அதை அப்படியே விழுங்கிவிடும். அது தொண்டையில் சிக்கலாம். சிக்காமல் இறங்கினாலும் வயிற்றில் ஊறிப் பருக்கும். மாட்டுத் தோல் வயிற்று அமிலத்தில் மிக மெதுவாகத்தான் கரையும் என்பதால், குடலுக்குப் போய் அங்கே அடைத்துக்கொள்ள அதற்கு நேரம் இருக்கிறது. அடைத்தால் சத்திரசிகிச்சைதான். “எங்கள் நாய் வருடக்கணக்காக இதைத்தான் கடிக்கிறது, ஒன்றும் ஆகவில்லை” என்று சிலர் சொல்கிறீர்கள். நிதானமாக அரைத்து மெல்லும் நாய்க்கு ஒன்றும் ஆகாமலே போகலாம். வாங்கிப் போகிற நாய் நிதானமானதா, விழுங்குவதா என்பது கடையில் நிற்கும் எங்களுக்குத் தெரியாது. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் ஃபிளாட்டில் வளரும் நாய்கள் பெரும்பாலும் சின்னச் சாதி. அவற்றின் தொண்டையும் சின்னது.

அப்படியானால் உண்மையான எலும்பு கொடுக்கலாமா என்பது அடுத்த கேள்வி. சமைத்த எலும்பு எதுவும் வேண்டாம். வெந்த எலும்பு ஈரம் இழந்து நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். கடித்தால் ஊசி ஊசியாகப் பிளக்கும். கோழி எலும்பு மட்டும்தான் அப்படி என்று நினைக்க வேண்டாம். புரியாணியில் கிடக்கும் ஆட்டெலும்பும் அப்படித்தான். கடையில் பக்கெட்டில் வரும் சுட்ட, புகையூட்டிய எலும்புகளும் இதில் அடக்கம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இல் இந்த வகை எலும்புகளைப் பற்றியே எச்சரித்தது. ஏறக்குறைய 90 நாய்கள் பாதிக்கப்பட்டு, அவற்றில் 15 அளவில் இறந்ததாக அவர்களுக்கு முறைப்பாடு வந்திருந்தது. அந்தப் பக்கெட்டுகளையும் நாங்கள் எடுப்பதில்லை.

பச்சைக் கோழிக் கழுத்து பற்றியும் கேட்கிறீர்கள். மெல்பேர்ன் பல்கலைக்கழகத்தில் 2018இல் வெளியான ஆய்வு ஒன்று, நாய்களுக்குத் திடீரென்று கால்கள் செயலிழக்கும் ஒரு நரம்பு நோயைப் பச்சைக் கோழி இறைச்சியோடு, குறிப்பாகக் கழுத்தோடு, தொடர்புபடுத்தியது. கம்பைலோபக்டர் என்ற கிருமிதான் காரணமாக இருக்கக்கூடும் என்றது. அதே கிருமி சமையலறைப் பலகையிலிருந்து உங்கள் பிள்ளைக்கும் வரலாம்.

கடிக்கும் பொருள் எதை வாங்கும்போதும் மிருகப் பல் வைத்தியர்கள் சொல்லும் ஒரு சோதனை இருக்கிறது. பெருவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்தால் சரி. பதியாவிட்டால் அது பல்லைவிடக் கடினம். மான் கொம்பு, மாட்டுக் குளம்பு, கெட்டி நைலோன் எல்லாம் இதில் தோற்றுவிடும். நாயின் மேல்தாடையில் பக்கவாட்டில் இருக்கும் பெரிய கடைவாய்ப்பல்தான் இவற்றால் அடிக்கடி பிளக்கிறது. பல் பிளந்த நாய் அழாது. ஒரு பக்கமாக மென்றுகொண்டு பேசாமல் இருக்கும், பல மாதம் கழித்துக் கன்னம் வீங்கும்போதுதான் தெரியும். தேங்காய்ச் சிரட்டையும் இதே வகைதான். செவ்விளநீர்க் கோம்பையைக் கிழித்து விளையாட விடுவது நம் ஊர் வழக்கம். அதில் பல்லுக்கு ஆபத்தில்லை, விழுங்குகிற தும்புதான் ஆபத்து. காலிமுகத்திடலில் அவித்த சோளம் வாங்கினால் முத்தைக் கொடுங்கள், பொத்தியைக் கொடுக்காதீர்கள். சோளப்பொத்தியும் மாங்கொட்டையும் குடலில் சிக்குவதில் பேர்போனவை. எக்ஸ்ரேயில் பொத்தி சரியாகத் தெரியாது என்பது இன்னொரு தொல்லை.

எதைக் கொடுக்கலாம்? கெட்டியான இறப்பர் பொம்மை எங்களுடைய முதல் தெரிவு. நடுவில் குழி உள்ளது, நகம் பதிவது, நாயின் வாய்க்குள் முழுதாகப் போகாத அளவு. குழிக்குள் அவித்த பூசணியோ சீனி போடாத யோகட்டோ நிரப்பி ஃபிரிட்ஜில் உறையவைத்துக் கொடுத்தால் அரை மணி நேரம் அதோடு கிடக்கும். வேலைக்குப் போகிறவர்கள் பூட்டிய ஃபிளாட்டில் நாயை விட்டுப் போகிறபோது இது பெரிய உதவி. ஆனால் புதுப் பொம்மை எதையும் முதல் தடவை நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது கொடுங்கள். பல் சுத்தத்துக்கான மெல்லும் குச்சி வேண்டுமென்றால் உறையில் வி.ஓ.எச்.சி. என்ற மிருகப் பல் நல அமைப்பின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்; பற்காரையைக் குறைப்பதாகச் சோதனையில் காட்டிய பொருளுக்குத்தான் அது கிடைக்கும். சின்னக் குட்டிக்குக் கரட்டை நீளவாக்கில் மெல்லிசாக வெட்டிக் கொடுங்கள். வட்டமாக வெட்டினால் தொண்டையில் மூடிபோல உட்கார்ந்துவிடும்.

இனி அளந்து கட்டும் சாப்பாடு. இதை நிறுத்துவது எங்களுக்கு லேசான முடிவாக இருக்கவில்லை. 2022இல் ரூபாய் விழுந்து, வெளியிலிருந்து வரும் மூட்டைகளின் விலை ஏறியபின், மாதக் கடைசியில் அரைக் கிலோ மட்டும் வாங்கிச் சமாளித்த குடும்பங்கள் எங்களுக்குத் தெரியும். அவர்களை மனதில் வைத்துத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறோம்.

உலர் சாப்பாட்டில் தானியமும் கொழுப்பும் இருக்கின்றன. கொழும்புக் காற்றில் பெரும்பாலான நாட்களில் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். பிரித்த மூட்டையில் கொழுப்பு காற்றுப் பட்டுக் காறும். ஈரம் பிடித்தால் பூஞ்சணம் வரும். காறினால் மூக்கு சொல்லிவிடும். பூஞ்சண நஞ்சான அஃப்லடொக்சினுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, சூடாக்கினாலும் போகாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் நிலக்கடலைப் புண்ணாக்குத் தின்று இறந்தபோதுதான் இந்த நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் சோளம் கலந்த நாய்ச் சாப்பாடு ஒன்றில் இது அளவுக்கு மீறி இருந்தது தெரிந்து திரும்பப் பெற்றார்கள். 2021 ஜனவரிக்குள் 110க்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாக முறைப்பாடு வந்திருந்தது. ஈரல்தான் முதலில் கெடும்.

அந்தத் திரும்பப் பெறும் அறிவித்தலில் தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் கொடுத்திருந்தார்கள். மூட்டையை வைத்திருந்தவர்கள் ஒப்பிட்டுப் பார்த்து எறிந்தார்கள். பொலித்தீன் பையில் கட்டி வாங்கியவரிடம் ஒப்பிட என்ன இருக்கும்? எங்களை உறுத்தியது இந்தக் கேள்விதான். இனி உறை பிரிக்காத சிறிய பக்கெட்டுகளை மட்டும் வைத்திருக்கிறோம். கிலோக் கணக்கில் பார்த்தால் விலை கூடத்தான், மறைக்கவில்லை. கை கடிக்கிறதென்றால் முழுக்க வாங்காமல், பாதி இதையும் பாதி வீட்டில் உப்பில்லாமல் அவித்த சோறு, முள் நீக்கிய மீன் அல்லது முட்டை, பூசணி என்று கலந்து கொடுக்கலாம். முழுக்க வீட்டுச் சாப்பாடுதான் என்றால் மிருக வைத்தியரிடம் அளவு எழுதி வாங்குங்கள். இறைச்சியும் சோறும் மட்டும் தின்று வளரும் குட்டிக்குக் கல்சியம் போதாமல் எலும்பு வளையும். மாறாக, முழு உணவு தின்னும் ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய சாதிக் குட்டிக்கு மேலதிகமாகக் கல்சியம் சிரப் ஊற்றினாலும் எலும்பு கெடும்.

வாங்கிய பக்கெட்டை அதன் உறையோடே காற்றுப் புகாத டப்பாவுக்குள் வையுங்கள். பழைய துகளின் மேல் புதியதைக் கொட்ட வேண்டாம், டப்பாவைக் கழுவிக் காயவைத்தபின் நிரப்புங்கள். அடுப்புக்குப் பக்கத்திலும் கடற்காற்று வரும் பல்கனியிலும் வைக்காதீர்கள்.

உறையின் முன்பக்கப் படத்தைவிடப் பின்பக்கத்துச் சின்ன எழுத்து முக்கியம். எந்த வயதுக்கு முழுமையான, சமநிலையான உணவு என்று அங்கே எழுதியிருக்க வேண்டும். ஏ.ஏ.எஃப்.சி.ஓ. என்ற அமெரிக்க அமைப்பின் பெயரையும் பார்த்திருப்பீர்கள். அந்த அமைப்பு ஊட்டச்சத்து அளவுகளை வகுக்கிறது. எந்தச் சாப்பாட்டையும் சோதித்து அனுமதி கொடுப்பதில்லை. துணை உணவு என்றிருந்தால் அது தீன்பண்டம், சாப்பாடு அல்ல.

தீன்பண்டம் ஒரு நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 5 கிலோ நிறையுள்ள, வீட்டுக்குள்ளேயே இருக்கும் நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 300 முதல் 350 கலோரி போதும். அதில் பத்தில் ஒரு பங்கு 30 முதல் 35. ஒரு மாரி பிஸ்கட்டிலேயே 25 கலோரி அளவில் இருக்கிறது. காலைத் தேநீரோடு அப்பா இரண்டு, பின்னேரம் அம்மம்மா இரண்டு என்று ஆளுக்காள் கொடுத்தால் கணக்கு எங்கே போகும் என்று பாருங்கள். அன்பாகத்தான் கொடுக்கிறார்கள். பிஸ்கட்டைக் கால் துண்டாக உடைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், நாய்க்குக் கிடைத்த தடவைதான் கணக்கு, அளவு அல்ல.

சொக்லேட் ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும். வெங்காயம் அப்படியல்ல. சம்பல், கொத்து ரொட்டி, பேக்கரி மாலு பணிஸ் எதிலும் வெங்காயமோ லீக்ஸோ இருக்கும். வதக்கினாலும் பொடியாக்கினாலும் அது நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். சோர்வு சில நாள் கழித்துத்தான் தெரியும், அதனால் எதனால் வந்தது என்றே யாரும் நினைக்கமாட்டார்கள். உள்ளியும் அதே குடும்பம். பொங்கலிலும் பாயாசத்திலும் கிறிஸ்மஸ் கேக்கிலும் போடும் பிளம்ஸ், அதாவது காய்ந்த திராட்சை, சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஏன் என்று நெடுங்காலம் தெரியாமலே இருந்தது. 2021இல் அமெரிக்காவின் நஞ்சு வைத்தியர்கள் திராட்சையிலுள்ள தார்த்தாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். அந்த அமிலம் நிறைந்த இன்னொரு பொருள் நம் வீட்டுப் புளி. புளி தின்ற நாய்களுக்கும் அதே சிறுநீரகப் பாதிப்பு வந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே புளிவிட்ட மீன் குழம்புச் சோறும் ரசச் சோறும் வேண்டாம். மீனைத் தனியாக அவித்துக் கொடுங்கள். சீனியில்லாத சுவிங்கத்தில் இருக்கும் சைலிட்டோல் இன்னும் வேகமானது. 5 கிலோ நாய்க்கு அரைக் கிராம் போதும், அரை மணி நேரத்திலேயே இரத்தத்தில் சீனி விழுந்து மயங்கலாம். கைப்பையைத் தரையில் வைக்காதீர்கள்.

இவற்றில் ஏதாவது வயிற்றுக்குள் போய்விட்டது என்றால் மயக்கம் வரும்வரை காத்திருக்காமல் உடனே மிருக வைத்தியருக்கு அழையுங்கள். உறையையும் எடுத்துக்கொண்டு போங்கள். உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், உப்பே தனி நஞ்சாகிவிடும். எலும்புத் துண்டு போயிருந்தால் வாந்தி வரும் வழியில் உணவுக்குழாயைக் கிழிக்கும். திரும்பத் திரும்பச் சத்தி, சாப்பாட்டில் வெறுப்பு, மலம் போகாமை, வயிற்றைத் தொடவிடாமை இவை தெரிந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும், நாளைக்குப் பார்ப்போம் என்று விடக்கூடாது.

எங்களிடம் வாங்கிய ரோஹைட் உறை பிரிக்காமல் வீட்டில் இருந்தால் கொண்டு வாருங்கள். பற்றுச்சீட்டு தேவையில்லை, அதே விலைக்கு வேறு பொருள் எடுத்துக்கொள்ளலாம். வரும்போது நாயின் நிறையையும் வயதையும் சொல்லுங்கள். முடிந்தால் நாயையே கூட்டி வாருங்கள். ஒரு இறப்பர் பொம்மையைக் கொடுத்து அது எப்படிக் கடிக்கிறது என்று பார்த்துவிட்டு, எந்த அளவு சரி என்று கதைப்போம்.

அன்புடன்,
வெள்ளவத்தைக் கடையில் உள்ள நாங்கள் எல்லோரும்